கால் அங்குலத்தில் இரண்டு குதிரை

முதலில் பிள்ளைகள் இறங்கின. நாலு பிள்ளைகளும் இரண்டு பக்கக் கதவு வழியாகக் குதித்து, பாலத்து ஓரமாக மேலே ஓடின. அதுகளுக்கு அது பழக்கம். ராயபுரம் ரயில் பாலம் வந்தால் அடியில் இறங்க வேண்டும். உச்சியில் போய் நிற்க வேண்டும். கார் வந்து சேர்ந்ததும் மறுபடி ஏற வேண்டும். விளையாட்டு மாதிரி.

நான் முன் சீட்டில், ஓட்டிக்கொண்டிருந்த நாயக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டுச் சொல்ல என்னைக் கூட்டி வந்திருந்தார். பின் சீட்டில் அவர் சம்சாரம். நாயக்கரம்மா என்றுதான் எல்லாரும் சொல்லுவோம்.

வண்டி கால்வாசி ஏறியது. இழுப்பு விட்டது. நாயக்கர் முதல் கியர் போட்டார். நடுங்கியது. நின்றது. பின்னால் உருண்டது. கைப் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். பாலத்தடிக்கே வந்து நின்றோம்.

பாலத்தடியில் மீன்காரிகள் வரிசையாகக் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். என் சம்சாரம் கன்னியம்மாவும் அதில் ஒருத்தி. எல்லாரும் பார்த்தார்கள்.

நாயக்கர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். திரும்பவில்லை.

"இந்தா, நீயும் ஒரு எட்டு எறங்கேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அம்மா கனத்த உடம்பு. அவர் காலை ஊன்றி இறங்கியதும் வண்டி பின்பக்கம் மேலே எழும்பியது. உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிந்தது. தெரிந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

கார் ஏறிவிட்டது. உச்சியில் நிறுத்தினோம். பிள்ளைகள் ஏறின. அம்மாவுக்காகக் காத்திருந்தோம். நாயக்கர் ஹாரன் அடித்தார். இன்னொரு தடவை அடித்தார்.

பெரிய பெண் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னது.

"அம்மா வூட்டுக்குப் போவுது நைனா."

திரும்பிப் பார்த்தேன். அம்மா பாலத்தில் கால் வைக்கவே இல்லை. மீன்காரிகளுக்கு நடுவில், பட்டுப் புடவையோடு, வந்த வழியே நடந்து போய்க்கொண்டிருந்தார். கோயிலுக்கு எடுத்து வைத்த தேங்காய்ப் பை மட்டும் பின் சீட்டில் இருந்தது.

நான் இறங்கியிருக்கலாம். நானும் ஒரு ஆள் கனம்தானே. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

பத்தும் பன்னிரண்டும்

போன வாரம் காதர் பாய் ஷெட்டில் சேர்ந்ததைப் பற்றி எழுதினேன். தண்டையார்பேட்டையில் தகரக் கூரை போட்ட சின்ன ஷெட். முதலாளி பாய், ஃபிட்டர் நான். இந்தக் கார் அங்கே வந்த வண்டிதான்.

இங்கிலீஷ் கார். கறுப்பு. நாலு கதவு. உலகச் சண்டைக்கு முன்னால் கப்பலில் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு துரை வைத்திருந்தார். சுதந்திரம் வந்து அவர் ஊருக்குப் புறப்பட்டபோது நாயக்கர் வாங்கிக்கொண்டார். நாயக்கருக்குக் கல்மண்டபம் பக்கம் கயிற்றுக் கடை. கட்டுமரத்துக்குக் கயிறு, வலைக்குக் கயிறு, கப்பலுக்குக் கயிறு. கடைக்குள் நுழைந்தாலே தேங்காய் நார் வாசனையும் தார் வாசனையும் சேர்ந்து அடிக்கும். நாயக்கர் சட்டையிலும் அதே வாசனைதான். காரிலும் அது ஏறிவிட்டது.

கார் வாங்கியது கடைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சம்சாரம் பிள்ளைகளைத் திருவொற்றியூர் கோயிலுக்குக் கூட்டிப் போக. அது ஒன்றுக்குத்தான்.

துரை வண்டியோடு ஒரு சின்னப் புத்தகமும் விட்டுப் போயிருந்தார். படம் போட்ட புத்தகம். எனக்குப் படிப்பு மூன்றாம் கிளாஸோடு சரி. இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எண் தெரியும், படம் தெரியும். அதை வைத்துப் புரிந்துகொண்டேன். அந்த வண்டியைக் கம்பெனி இரண்டு விதமாக விற்றது. பத்து குதிரை சக்தி எஞ்சின் ஒன்று. பன்னிரண்டு குதிரை எஞ்சின் ஒன்று. கூடு ஒன்றுதான். கதவு, சீட்டு, விளக்கு எல்லாம் ஒன்றுதான். வெளியில் நின்று பார்த்தால் எது பத்து, எது பன்னிரண்டு என்று சொல்ல முடியாது. எஞ்சின் மூடியைத் திறந்தாலும் சட்டென்று தெரியாது. பிஸ்டனை வெளியே எடுத்து அளந்தால்தான் தெரியும். பத்துக்குக் குறுக்களவு இரண்டரை அங்குலம். பன்னிரண்டுக்கு இரண்டே முக்கால். கால் அங்குலம்தான் கூட. அந்தக் கால் அங்குலத்தில்தான் இரண்டு குதிரை இருந்தது.

துரை வாங்கியது பத்து. அவர் தனி ஆள். ஒரு நாய் உண்டு. அவருக்குப் பத்து போதும்.

குதிரைக் கணக்கு உண்மைக் கணக்கு இல்லை என்று காதர் பாய் சொல்லுவார். சீமையில் வரி போட வசதியாகப் பிஸ்டன் அகலத்தை அளந்து வைத்த கணக்காம். புதுசில் அந்த எஞ்சின் அதைப்போல் மூன்று பங்கு இழுக்குமாம். ராயபுரத்தில் அதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து என்றால் பத்து குதிரை. நாயக்கரும் அப்படித்தான் நினைத்தார்.

"பத்து குதிர கீது. ஆறே பேரு. ஆளுக்கு ஒண்ணரைக் குதிரைக்கு மேல வருது. அப்புறம் இன்னாத்துக்கு பாய் ஏற மாட்டேங்குது?"

"பத்துமே கெயட்டுக் குதிர நாயக்கரே," என்றார் பாய்.

இறங்கும் பழக்கம்

நாயக்கர் அம்மாவை இறங்கச் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அதை நான் சொல்ல வேண்டும்.

சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பாய்லர் கட்டி, அதில் கரி போட்டு மூட்டி, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். கரியில் ஓடினால் பாதி குதிரை செத்த மாதிரி. சமதரையில் எப்படியோ போகும். பாலம் வந்தால் நின்றுவிடும். கண்டக்டர் "எறங்கு" என்பார். எல்லாரும் இறங்குவார்கள். ஆபீஸ் குமாஸ்தாவும் இறங்குவார், மூட்டை தூக்குகிறவனும் இறங்குவான். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. ஊரே இறங்கித்தான் நடந்தது.

கன்னியம்மாவை நான் முதலில் பார்த்தது அப்படி ஒரு கரி பஸ்ஸில்தான். இதே பாலம். ஆண்கள் நாலைந்து பேர் பின்னால் நின்று தள்ளினோம். பக்கத்தில் ஒரு பெண் மீன் கூடையை ஓரத்தில் வைத்துவிட்டு வந்து கை கொடுத்தாள். கொஞ்ச நேரம் தள்ளிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், தள்ளுறியா, சாஞ்சிகினு கீறியா?"

நான் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவள் தள்ளியது அதிகம். அடுத்த தை மாதம் கல்யாணம்.

அந்த இறங்கும் பழக்கம் நாயக்கர் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். சண்டை முடிந்தது. பெட்ரோல் வந்தது. இவருக்கு மட்டும் பாலம் என்றால் இறங்குவது என்றே இருந்தது. பிள்ளைகளை இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை. சம்சாரத்தை இறக்கினார்.

பஸ்ஸுக்குப் பின்னால் கார்

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா காரில் ஏறவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் பஸ்தான்.

நாயக்கர் கார் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் காரும் நின்றது. தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர். கோயில் வாசலில் அம்மா இறங்கினால் அவரும் இறங்கினார். அம்மா சாமி கும்பிட்டால் அவரும் நாலடி தள்ளி நின்று கும்பிட்டார். திரும்பும்போதும் அப்படியே. பஸ்ஸுக்குள் ஜனம் நெருக்கிக்கொண்டு நிற்க, காலிக் கார் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாததால் பாலம் நன்றாக ஏறியது.

இதை அவரே ஷெட்டுக்கு வந்து சொன்னார். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ சொல்லி அனுப்பினார். நாயக்கர் என் பக்கம் திரும்பினார்.

"பத்து வேணாம். எனக்குப் பன்னண்டு போடு ஏழுமலை. எல்லாரையும் உக்கார வெச்சிகினு ஏறணும். ஒருத்தரும் எறங்கக் கூடாது. அப்பத்தான் அவ வருவா."

வருவார் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது எஞ்சின். எதையும் எஞ்சினில் சரி பண்ணலாம் என்று இருந்த வயது.

எண்ணூரில் உப்பளத்து மேனேஜர் ஒருத்தர் இதே வண்டி வைத்திருந்தார். அது பன்னிரண்டு. உப்புக் காற்றில் தகடெல்லாம் அரித்து, கதவைத் தொட்டால் கையோடு வந்தது. எஞ்சின் மட்டும் நன்றாக இருந்தது. பாய் போய்ப் பேசி முடித்து, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு குதிரையை இரண்டு மாடு இழுத்துக்கொண்டு வந்தது.

கழற்றினேன். வால்வு தேய்த்தேன். ரிங் மாற்றினேன். கூடு ஒன்றுதான் என்பதால் துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தேன். உப்பள வண்டியின் பின் ஆக்சிலும் கிடந்ததே, அதையும் எடுத்து மாட்டினேன். முழுசாகப் பன்னிரண்டு ஆகட்டும் என்று.

சமதரையில் பறந்தது. பாலத்தில் பழையபடி முக்கியது. இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பிறகு இரண்டு ஆக்சிலுக்குள்ளும் இருந்த பல் சக்கரங்களை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வண்டிக்குக் கம்பெனி போட்ட பல் ஓட்டத்துக்குப் போட்டது. பத்து வண்டியின் பல் இழுப்புக்குப் போட்டது. குதிரை கூடக் கிடைத்தால் துரைகளுக்கு வேகம் வேண்டும் போலிருக்கிறது. எங்களுக்கு வேகம் வேண்டாம். ஏறினால் போதும்.

ஆக்சிலை மறுபடி மாற்றினேன். எஞ்சின் பன்னிரண்டு, பல் பத்து. புத்தகத்தில் அப்படி ஒரு வண்டி இல்லை.

கயிற்றுக் கட்டு

ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆளை ஏற்றிச் சோதனை பண்ண முடியாது. நடுவில் நின்றுவிட்டால் மறுபடி இறங்கச் சொல்ல வேண்டி வரும். ஆளுக்குப் பதில் கயிறு ஏற்றலாம் என்றார் நாயக்கர். கடையில் கப்பல் கயிறு கட்டுக் கட்டாகக் கிடந்தது. தண்ணீரில் நனைத்தால் இன்னும் கனம். பாயும் நல்ல யோசனை என்றார். நானும் சரி என்றேன். மூன்று ஆண்கள் நின்றோம். மூன்று பேருக்கும் இதில் ஒரு வில்லங்கம் இருப்பது தெரியவில்லை.

காலை பதினோரு மணி இருக்கும். பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஏற்றினோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கட்டு. அதை வண்டித் தரையில் அடுக்கினோம்.

"அம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

நாயக்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏழு போடு."

போட்டேன். அவர் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொண்ணு போடு. எட்டு. யார்கிட்டயும் சொல்லாத."

எட்டுக் கட்டையும் அம்மா உட்காருகிற இடத்தில் நிமிர்த்தி அடுக்கிக் கட்டினேன். சரியக் கூடாது என்று குறுக்கே ஒரு கயிறும் போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கன்னியம்மா கூடையை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"லோடு."

"யாரு லோடு?"

அவள் உள்ளே பார்த்தாள், நாயக்கரைப் பார்த்தாள், போய் உட்கார்ந்துவிட்டாள். மற்ற மீன்காரிகள் சும்மா இருக்கவில்லை. கயிற்றுக்குப் பூ வைக்கவில்லையா என்று ஒருத்தி கேட்டாள்.

வண்டி ஏறியது. இரண்டாம் கியரிலேயே ஏறியது. ஒரு நடுக்கம் இல்லை. உச்சியில் நிறுத்தி, மறுபடி புறப்பட்டுப் பார்த்தோம். புறப்பட்டது. நாயக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மீன்காரிகளுக்கும் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் ஷெட்டைத் திறக்கப் போனேன். நாயக்கர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் நார் ஒட்டியிருந்தது.

"கடையிலதாம்பா படுத்தேன். கயித்து மேல."

விஷயம் முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ளேயே வீட்டுக்குப் போய்விட்டது. எட்டுக் கட்டு என்பதும் போய்விட்டது. அம்மா அவரிடம் பேசவில்லை. பெரிய பெண்ணை விட்டுச் சொல்லச் சொன்னாராம்.

"எட்டுக் கட்டு கயித்த இட்டுகினு கோயிலுக்குப் போவச் சொல்லு உங்க நைனாவ."

கன்னியம்மா சொன்னது

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். நெத்திலிக் குழம்பு. கன்னியம்மா பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கார் நல்லா ஏறிச்சு இல்ல?"

"ஏறிச்சு."

"அந்தம்மா ஏறல இல்ல?"

நான் சாப்பிட்டேன்.

"வண்டிக்கா கோவம்? அந்தம்மாவுக்குக் கோவம். நீ போயி வண்டியக் கழட்டிகினு கீற."

"நாயக்கர் போடச் சொன்னாரு."

"அவுரு சொன்னாரு, நீ போட்ட. அன்னிக்கு முன்னால உக்காந்துகினு இருந்தியே, நீ ஏன்யா எறங்கல?"

அவள் கேட்டது அன்றைக்குத்தான். பார்த்தது அப்போதே. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்தாள். அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"துன்னுட்டுப் போயி சொல்லிட்டு வா," என்றாள்.

நாயக்கர் வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு, பெருங்காயம் போட்ட மோர். குடித்துவிட்டுத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு நான் எறங்கியிருக்கணும்மா."

அம்மா யோசித்தார்.

"ஆமா. நீ எறங்கலியே."

"எஞ்சின் சத்தம் கேட்டுகினு இருந்தேன்."

"இன்னா சொல்லிச்சு எஞ்சினு?"

"வால்வு தேஞ்சிபோச்சுன்னு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். முறத்தைக் கீழே வைத்தார்.

"நான் கனம்னு எனக்குத் தெரியாதா ஏழுமலை? நாலு பெத்த ஒடம்பு. கண்ணாலம் ஆனப்ப ஈர்க்குச்சி மாதிரி இருந்தேன். அவுருந்தான் இருந்தாரு. இப்போ பாரு அவுரு தொந்திய. ஏமே, கனமா கீற, கொஞ்சம் எறங்குன்னு மூஞ்சப் பாத்துச் சொல்லியிருந்தா நானே சிரிச்சிகினு எறங்கியிருப்பேன். கண்ணாடியப் பாத்துச் சொன்னாரு. பின்னால வர்ற லாரியப் பாக்குற மாதிரி."

நான் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் அந்தக் கயிறு," என்றார் அம்மா. நிறுத்திக்கொண்டார். "வுடு. நீ கட்டின கட்டு நல்லா இருந்துச்சாமே. சரியவே இல்லன்னு சொன்னாங்க."

தம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

கடைக்குப் போனேன். நாயக்கர் கல்லாவில் உட்கார்ந்து ஒரு துண்டுக் கயிற்றைப் பிரித்துப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தார். என்னால் சுற்றி வளைத்துப் பேச முடியாது.

"கண்ணாடியப் பாத்துச் சொன்னீங்களாம்."

"இன்னாது?"

"அன்னிக்கு எறங்கச் சொன்னப்ப. மூஞ்சப் பாக்கலியாம்."

அவர் கையில் கயிறு நின்றது. பாரம் ஏற்றின கை வண்டி ஒன்று வாசலில் போனது. அது போய் முடிகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலதான்," என்றார்.

சீர்த் தட்டு

அந்த வாரமே காரியம் ஒன்று வந்தது. அம்மாவின் தங்கை திருவொற்றியூரில் இருந்தார். அவர் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் இல்லாத வீடு. பெரியம்மா வீட்டிலிருந்துதான் சீர் போக வேண்டும். தேங்காய், பழம், வெற்றிலை, புதுத்துணி, மாலை என்று தட்டுத் தட்டாக வைத்தாகிவிட்டது. அத்தனை தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. கைரிக்‌ஷாவில் அவ்வளவு தூரம் போக முடியாது. கார் வாசலில் நின்றது.

அம்மா வந்தார். காரைப் பார்த்தார். முதலில் தட்டுகளை வைத்தார். பிள்ளைகளை ஏற்றினார். கடைசியில் அவரும் ஏறினார். நாயக்கரைப் பார்க்கவில்லை. சீருக்காக ஏறுகிறேன், உனக்காக இல்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. பின் சீட்டில் கயிற்று ஈரத்தின் கறை இருந்தது. நான் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அம்மா அதன் மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாயக்கர் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"நீ ஓட்டு."

அவர் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டி, ஜிப்பா. கழுத்தில் அங்கவஸ்திரம். தட்டில் இருந்த மல்லிகை வாசனையும் வண்டியின் தார் வாசனையும் கலந்து வந்தது.

பாலத்தடி வந்தது. மீன்காரிகள் கூடை மேல் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். பிள்ளைகள் பழக்கத்தில் கதவைத் திறக்கப் போயின.

"யாரும் எறங்கக் கூடாது," என்றேன். "ஏறும்."

"நிறுத்து," என்றார் நாயக்கர்.

"வேணாம் நாயக்கரே. நல்லா ஏறும்."

"தெரியும்பா. நிறுத்து."

நிறுத்தினேன். அவர் இறங்கினார். செருப்பைச் சரிபண்ணிக்கொண்டார். சுற்றி வந்து, அம்மா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடி முன்னால் குனிந்தார். கண்ணாடி மூடியிருந்தது. அதன் வழியாக நேராக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

"நீ உக்காந்துகினு போ," என்றார். "நான் நடந்து வர்றேன்."

வேட்டியை மடித்துக் கட்டினார். பாலத்தில் ஏற ஆரம்பித்தார்.

மீன்காரிகள் பக்கம் ஒரே சிரிப்பு. கன்னியம்மா குரல் தனியாகக் கேட்டது.

"இன்னா நாயக்கரே, பன்னண்டு குதிரைக்கும் இன்னிக்கு லீவா?"

நாயக்கர் நிற்கவில்லை. திரும்பாமலே பதில் சொன்னார்.

"குதிர நல்லாத்தாம்மே கீது. நாந்தான் கனம்."

நான் கியர் போட்டேன். ஒரே மூச்சில் ஏறிப் போய் உச்சியில் நிற்கலாம் என்று ஆக்சிலேட்டரில் கால் வைத்தேன். மூன்று வாரம் அதற்காகத்தானே வேலை செய்தேன்.

"மெதுவாப் போப்பா," என்றார் அம்மா பின்னாலிருந்து. "அவுருக்கு மூச்சு வாங்கும்."

காலை எடுத்தேன். முதல் கியரில் ஊர்ந்தேன். நாயக்கரை எட்டியதும் அவர் பக்கத்திலேயே போனேன். அவர் ஏற்றத்தில் திணறினார். ஜிப்பா முதுகில் ஒட்டியது. பாதிப் பாலத்தில் பின்னால் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. நாயக்கர் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சீட்டில் விரித்திருந்த துண்டை உருவி எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவு மெதுவாக ஒரு கார் பாலம் ஏற முடியாது. எஞ்சின் முன்னால் போகப் பார்க்கும். கிளட்சைப் பாதி மிதித்துப் பிடித்தால்தான் ஒரு மனுஷன் நடைக்கு வரும். அப்படி மிதித்தால் கிளட்ச் தேயும். எந்த ஃபிட்டரும் செய்ய மாட்டான். புதுசாக அப்போதுதான் தகடு மாற்றியிருந்தேன். தேய்கிற வாசனை கொஞ்சமாக வந்தது.

தேயட்டும் என்று பிடித்துக்கொண்டு போனேன்.